திரையில் சிவப்பாக 8 என்று வந்தால் என்ன பொருள்?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வயது 63, பதினான்கு வருடமாகச் சர்க்கரை. போன மாதம் ஊர்ப்பக்கம் நடந்த கண் முகாமில் விழித்திரையைப் படம் எடுத்தார்கள். சில நிமிடத்தில் கணினியே "மிதமான பாதிப்பு" என்று சொல்லிவிட்டது, டாக்டர் யாரும் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அப்பாவுக்குக் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்து புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே கட்டில் பக்கத்துத் திரையில் சிவப்பாக 8 என்று வந்ததும் ஐசியுவுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். "நோய் எவ்வளவு தீவிரம் என்று மெஷின் எப்படி முடிவு செய்கிறது? அதை நம்பலாமா? அடுத்த முறை நாங்கள் என்ன கேட்க வேண்டும்?" இதுதான் கேள்வி.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருபது வருடத்துக்கும் மேலாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். அதில் பெரும்பகுதி ஐசியுவில் போனது. இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடுகிறேன். முகாமில் கண்ணைப் பார்த்தது செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏஐ. கட்டில் பக்கத்தில் வந்த அந்த 8 அநேகமாக அதுவல்ல. அது ஒரு கூட்டல் கணக்கு. கணினி கூட்டியது, அவ்வளவுதான். இந்தக் கூட்டல் கணக்கைப் புரிந்துகொண்டால் ஏஐ என்ன செய்கிறது என்பதும் புரிந்துவிடும்.

நோயாளியின் நிலையை எண்ணாக்கும் பழக்கம் கணினிக்கு முந்தியது. பிறந்த குழந்தையை முதல் நிமிடத்திலேயே பார்த்து மதிப்பெண் போடும் முறையை 1952-ல் வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் கொண்டுவந்தார். இதயத்துடிப்பு, மூச்சு, தசையின் இறுக்கம், தூண்டினால் காட்டும் அசைவு, நிறம் என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. நம்மூர் பிரசவ வார்டுகளில் இன்றும் அதே கணக்குத்தான் ஓடுகிறது. தலையில் அடிபட்டு வருபவரின் நினைவுநிலைக்கு 3 முதல் 15 வரை எண் கொடுக்கும் கிளாஸ்கோ அளவுகோல் 1974-ல் வந்தது. பன்னிரண்டு உடல் அளவுகளோடு வயதையும் நாள்பட்ட நோயையும் சேர்த்துக் கணக்குப் போடும் அபாச்சி 2 வந்தது 1985-ல்.

உங்கள் அப்பாவின் திரையில் இருந்தது நியூஸ் 2 என்ற கணக்காக இருக்கலாம். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் வெளியிட்டு 2017-ல் திருத்தியது. மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் சாச்சுரேஷன், ஆக்சிஜன் வைக்கப்பட்டிருக்கிறதா என்பது, மேல் பி.பி., பல்ஸ், நினைவுநிலை, காய்ச்சல் என்று ஏழு. இயல்பாக இருந்தால் பூஜ்யம், விலக விலக 3 வரை. கூட்டுத்தொகை 5 வந்தால் டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் அவசரம்.

ஓர் உதாரணம் போடுவோம். மூச்சு நிமிடத்துக்கு 24, அதற்கு 2. சாச்சுரேஷன் 93, அதற்கு 2. ஆக்சிஜன் இன்னும் வைக்கவில்லை, பூஜ்யம். மேல் பி.பி. 106, அதற்கு 1. பல்ஸ் 112, அதற்கு 2. காய்ச்சல் 38.6 செல்சியஸ், அதற்கு 1. நினைவு தெளிவு, பூஜ்யம். மொத்தம் 8. இந்த அளவுகளைத் தனித்தனியாகப் பாருங்கள், எதுவுமே பயமுறுத்தாது. "பி.பி. 106 தானே, பரவாயில்லை" என்று தோன்றும். சேர்த்துப் பார்த்தால்தான் உடம்பு எல்லாப் பக்கமும் திணறுவது தெரிகிறது. அந்தக் கணக்கின் பெருமை அதுதான்.

இப்போது ஓர் எண்ணை மட்டும் மாற்றுகிறேன். மூச்சை யாரும் எண்ணவில்லை, பார்வைக்கு "18" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டார்கள். 18-க்குப் பூஜ்யம். மொத்தம் 8 இல்லை, 6. சிவப்பு போய்விட்டது. ஆள் அதே ஆள், மூச்சிரைப்பும் அதே மூச்சிரைப்பு. இது நான் கற்பனையில் சொல்வதில்லை. வார்டு பதிவுகளில் மூச்சு எண்ணிக்கை 18, 20 போன்ற சில எண்களிலேயே குவிந்து கிடப்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். பல்ஸையும் பி.பி.யையும் கருவி அளந்துவிடும். மூச்சுக்கு ஒரு மனிதர் ஒரு நிமிடம் முழுக்க நின்று நெஞ்சு எழுந்து தாழ்வதை எண்ண வேண்டும். நாற்பது கட்டிலுக்கு இரண்டு சிஸ்டர் இருக்கும் வார்டில் அந்த ஒரு நிமிடம் எங்கிருந்து வரும்? சிஸ்டர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு பெரிய ஏஐ வந்தாலும் உள்ளே போவது அந்த 18 தான் என்றால் வெளியே வருவதும் அதற்கேற்றபடிதான் இருக்கும்.

சரி, ஏஐ இதில் என்ன மாற்றுகிறது? நியூஸ் 2-ல் எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை அனுபவமுள்ள மருத்துவர்கள் உட்கார்ந்து தீர்மானித்தார்கள். ஏஐயில் அந்த வேலையைக் கடந்தகால நோயாளிகளின் பதிவுகள் செய்கின்றன. ஆயிரக்கணக்கானவர்களின் அளவுகளைக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் கடைசியில் என்ன ஆனது என்பதையும் கொடுத்தால், எந்த அளவு எந்த முடிவுக்கு இழுத்துச் செல்கிறது என்பதை அது தானே கற்றுக்கொள்கிறது. படம், ரத்தப் பரிசோதனை, டாக்டர் எழுதிய குறிப்பு எதையும் கொடுக்கலாம். மனிதர் கண்ணுக்குப் படாத தொடர்பையும் அது பிடிக்கும்.

சிக்கல் அந்த "கடைசியில் என்ன ஆனது" என்ற இடத்தில்தான் இருக்கிறது. தீவிரம் என்ற ஒன்று ரத்தத்தில் சர்க்கரை போல அளக்கக் கிடைப்பதில்லை. ஆகவே அதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுத்துத்தான் மெஷினைப் பழக்க முடியும்: இறந்தாரா, ஐசியுவுக்குப் போனாரா, எத்தனை நாள் படுத்திருந்தார், எவ்வளவு செலவானது. எதைக் கொடுத்தோமோ அதைத்தான் அது முன்கூட்டிச் சொல்லும். திரையில் மட்டும் "தீவிரம்" என்று போட்டுவிடுவார்கள்.

இதில் மருத்துவ மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1990-களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளில் யார் இறக்கும் ஆபத்தில் இருக்கிறார், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அது கற்றுக்கொண்ட விதிகளில் ஒன்று: ஆஸ்துமா இருந்தால் ஆபத்து குறைவு. எந்த ஹவுஸ் சர்ஜனும் சிரிப்பார். ஆனால் பதிவுகளில் அது உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. காரணம், ஆஸ்துமாக்காரருக்கு நிமோனியா என்றதும் டாக்டர்கள் பயந்து நேராக ஐசியுவுக்கு அனுப்பினார்கள். நல்ல கவனிப்பு கிடைத்தது, பிழைத்தார்கள். கணினிக்கு அந்தப் பயமும் கவனிப்பும் தெரியவில்லை, பிழைத்தது மட்டும் தெரிந்தது. அந்த விதியை நம்பி ஆஸ்துமாக்காரர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்ல வேளையாக, விதிகள் கண்ணுக்குத் தெரியும்படி இருந்த ஒரு மாதிரியில் (பதிவுகளில் பழக்கிய கணினிக் கணக்கைத்தான் 'மாதிரி' என்கிறேன்) இது பிடிபட்டது. விதி வெளியே தெரியாத மாதிரிகளில் இப்படி எத்தனை ஒளிந்திருக்கும் என்ற யோசனை எனக்கு இன்னும் போகவில்லை.

இன்னொன்று 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று தேர்ந்தெடுக்கும் ஒரு மென்பொருள், நோயின் அளவுக்குப் பதிலாக மருத்துவச் செலவைக் கணக்கில் வைத்திருந்தது. கறுப்பின மக்களுக்கு அதே நோய் இருந்தும் அவர்களுக்காகச் செலவான தொகை குறைவு. அதனால் அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று அது நினைத்துக்கொண்டது. சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று கண்டார்கள். நம் ஊரில் இதை யோசித்துப் பாருங்கள். குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்யும் ஓர் அம்மா, காய்ச்சல் வந்தாலும் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று நான்காவது நாள்தான் வருவார். அவர் பெயரில் பில்லும் இருக்காது, பழைய ரிப்போர்ட்டும் இருக்காது. செலவை வைத்துப் பழகிய மெஷினுக்கு அவர் நோயாளியாகவே தெரியமாட்டார்.

ஓர் ஊரில் கற்றது இன்னோர் ஊரில் செல்லுமா என்பதும் உண்டு. ரத்தத்தில் கிருமி பரவி உறுப்புகள் தளரும் செப்சிஸை முன்கூட்டிச் சொல்ல, மருத்துவமனை மென்பொருள் செய்யும் எபிக் நிறுவனம் தந்த மாதிரி அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 27,697 நோயாளிகளின் பதிவுகளில் வைத்துப் பார்த்தபோது செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டது தெரிந்தது. 2021-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. அதுவரை அதை நம்பித்தான் வார்டுகள் இருந்தன.

நம் பக்கத்துக் கணக்கில் சொல்கிறேன். கோரிமேட்டில் ஜிப்மருக்கு வருபவர் யார்? கடலூர், விழுப்புரம், நாகப்பட்டினம் என்று எங்கெங்கோ பார்த்து, முடியாமல் ரெஃபர் ஆகி வருபவர்கள் ஏராளம். ஒரு பேச்சுக்கு, அங்குள்ள நோயாளிகளை மட்டும் வைத்து ஒரு மாதிரியைப் பழக்கினால் அதன் உலகத்தில் காய்ச்சல் என்றாலே பெரிய நோய். அதைக் கொண்டுவந்து பாகூரில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தால் சாதாரண சளிக்காய்ச்சலுக்கும் சிவப்பு காட்டும். தலைகீழாகவும் நடக்கும். இன்னொரு சங்கடம், முள்ளோடை தாண்டினால் மாநிலமே வேறு. ஒரே குடும்பத்தின் சிகிச்சைப் பதிவு பாதி தமிழ்நாட்டிலும் பாதி புதுச்சேரியிலும் கிடக்கும். மெஷின் தன் பக்கத்துப் பாதியை மட்டும் பார்த்து மதிப்பெண் போடும். ஆகவே பழைய சீட்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரும் நம் மக்களின் பழக்கத்தை நான் மெச்சுகிறேன். அந்தப் பையை விட்டுவிடாதீர்கள்.

கொரோனா காலம் நினைவிருக்கும். 2021 மே மாதம் ஃபோனை எடுத்தாலே "சி.டி. ஸ்கோர் எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி. நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் ஐந்தைந்து, மொத்தம் 25. 8 என்றால் நிம்மதி, 18 என்றால் அழுகை. 8 வந்த சிலர் மூன்றாம் நாள் மூச்சுக்குத் தவித்ததையும், 18 வந்த சிலர் நடந்தே வீட்டுக்குப் போனதையும் பார்த்தேன். ஸ்கேன் அன்றைய நிழலைத்தான் சொல்லும், நோய் எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்லாது. அந்த நேரத்தில் உலகம் முழுக்க எக்ஸ்ரேயும் சி.டி.யும் பார்த்து கொரோனாவைக் கணிக்கும் ஏஐ மாதிரிகளைப் போட்டி போட்டு வெளியிட்டார்கள். 2,212 ஆய்வுகளில் ஆரம்பித்து, தரம் பார்த்து 62-ஐ மட்டும் எடுத்து அலசிய ஒரு குழு, அவற்றில் ஒன்றுகூட மருத்துவமனையில் பயன்படுத்தும் நிலையில் இல்லை என்று 2021-ல் எழுதியது. சில மாதிரிகளில் கொரோனா இல்லாதவர்களின் படங்களாகக் குழந்தைகளின் எக்ஸ்ரேக்களைக் கொடுத்திருந்தார்கள். இப்படிப் பழகினால் பெரியவரா குழந்தையா என்பதைத்தான் மெஷின் கற்றுக்கொள்ளும்.

இவ்வளவும் சொன்னதால் நான் ஏஐக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். உங்கள் அப்பாவின் கண்ணுக்கு வருகிறேன். இந்தத் துறையில் ஏஐ மிக ஒழுங்காகச் சோதிக்கப்பட்ட இடங்களில் கண் முக்கியமானது. அதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

சர்க்கரையால் விழித்திரை கெடுவதற்கு உலகளவில் ஐந்து படிகள் வைத்திருக்கிறார்கள்: பாதிப்பில்லை, லேசானது, மிதமானது, கடுமையானது, கடைசியாகப் புது ரத்தக்குழாய்கள் முளைக்கும் நிலை. கூகுள் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட மாதிரி 1,28,175 விழித்திரைப் படங்களில் பழகியது. அமெரிக்கப் படங்களோடு அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அதில் இருந்தன. ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை கண் மருத்துவர்கள் பார்த்துப் படி குறித்தார்கள். ஏன் அத்தனை முறை? ஒரே படத்தை ஒருவர் "லேசானது" என்பார், இன்னொருவர் "மிதமானது" என்பார். நிபுணர்களுக்கே ஒத்துப்போகாத இடம் அது. பிறகு மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் நேரடியாக 3,049 நோயாளிகளிடம் வைத்துப் பார்த்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். அரவிந்தில், மிதமான பாதிப்போ அதற்கு மேலோ இருந்தவர்களில் 88.9 சதவீதம் பேரை அது சரியாகப் பிடித்தது. அந்த அளவு பாதிப்பு இல்லாதவர்களில் 92.2 சதவீதம் பேரைச் சரியாக ஒதுக்கியது. எளிதாகச் சொன்னால், சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய நூறு பேரில் சுமார் 11 பேர் நழுவினார்கள். பரிசோதனையே நடக்காத கிராமத்தில் நூறு பேருமே நழுவுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தவளக்குப்பத்தில் அரவிந்த் இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் கண் மங்கிய பிறகுதான் பெரும்பாலோர் அந்தப் பஸ்ஸை ஏறுகிறார்கள். முகாமில் ஒரு கேமரா அதை மாற்றும் என்றால் நான் மனசார வரவேற்கிறேன்.

அதே கூகுள் மாதிரியைத் தாய்லாந்தில் சிறு மருத்துவ மையங்களில் வைத்தபோது நடந்ததும் தெரிந்திருக்க வேண்டும். முதல் ஆறு மாதத்தில் அனுப்பிய 1,838 படங்களில் 21 சதவீதத்தை அது தரம் போதாது என்று திருப்பியது. அறை போதிய இருட்டாக இல்லை. இன்டர்நெட்டும் மெதுவாக இருந்ததால் ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். நம் முகாம்கள் சமுதாயக் கூடத்திலும் பந்தலிலும் நடக்கின்றன. ஜன்னலுக்குச் சாக்குத் துணி கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். பெரிய தொழில்நுட்பம் சின்ன விஷயங்களில்தான் தடுக்கி விழுகிறது.

உங்கள் அப்பாவுக்கு வந்த "மிதமானது" என்ற சொல்லைக் கேட்டு "மிதம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். ஐந்து படிகளில் அது மூன்றாவது. கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்துப் பார்க்க வேண்டிய கட்டம். பார்வையின் நடுப்பகுதியில் நீர் கோத்துக்கொள்வது எந்தப் படியிலும் வரலாம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். முகாம் மெஷின் சர்க்கரைப் பாதிப்பை மட்டும் பார்க்கப் பழகியதாக இருந்தால் கண் நீர் அழுத்தத்தையும் கண்புரையையும் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. "ஏஐ பார்த்தாச்சு, கண் நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால், எதைப் பார்த்தது என்று கேளுங்கள். உடம்பு தேறிவிட்டார் என்கிறீர்கள், இந்த மாதத்துக்குள் கூட்டிப் போய்விடுங்கள்.

கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தோலின் வழியே ஒளியை அனுப்பி ஆக்சிஜனைக் கணிக்கிறது. கருத்த தோலில் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டுவது உண்டு. 2020-ல் வந்த அமெரிக்க ஆய்வில், கருவி நல்ல எண் காட்டியும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தவர்கள் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரில் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தார்கள். வெயிலில் வேலை செய்யும் நம் மீனவர்களுக்கும் விவசாயிகளுக்கும் இதை நான் மனதில் வைத்துக்கொள்கிறேன். 94 என்று காட்டி ஆள் திணறினால், ஆளைத்தான் நம்புவேன். நேர்மாறாக, நாற்பது வருடம் பீடி பிடித்து நுரையீரல் கெட்டவருக்கு 90 என்பதே அன்றாட நிலையாக இருக்கும். 2017-ல் திருத்தியபோது அத்தகையவர்களுக்காகவே நியூஸ் 2-ல் தனி அளவுகோல் சேர்த்தார்கள். அதைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் அவருக்குத் தினமும் வீணாகச் சிவப்புதான்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். காசநோய் என்று தெரிந்ததும் எளிய சில அளவுகளைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கேற்ற எடை, காலில் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது. லேப் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். மூச்சு 24-ஐத் தாண்டினாலோ ஆக்சிஜன் 94-க்குக் கீழ் போனாலோ எழுந்து நிற்க முடியாவிட்டாலோ, தீவிர நோயாளி என்று குறித்து மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். காசநோயில் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில்தான் சாவு அதிகம் என்பதால் இந்த அவசரம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கீழ் சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இதற்குத் துணை. 2025-ல், இந்த அளவுகளைப் பதியும் செயலியிலேயே ஒரு கணிப்பு மாதிரியைச் சேர்த்தார்கள். ஒரு வருடத்தில் அரசு மையங்களில் கண்டறியப்பட்ட சுமார் 56,000 பேரின் பதிவுகளில் உருவானது. அந்த ஐந்து அளவுகளைப் பதிந்ததும் இறப்புக்கான வாய்ப்பு சதவீதமாக வருகிறது. தீவிரமானவர்களுக்கு 10 முதல் 50 வரை, மற்றவர்களுக்கு 1 முதல் 4 வரை.

இதை ஆடம்பரமான ஏஐ என்று யாரும் சொல்லமாட்டார்கள், புள்ளியியல் கணக்குதான். ஆனால் நான் இதுவரை எழுதிய குறைகளை வைத்து இதைச் சோதித்துப் பாருங்கள். எதைக் கணிக்கிறது என்பது தெளிவு: இறப்பு. யாரிடமிருந்து கற்றது? நம் மக்களிடமிருந்தே. எண் வந்த பிறகு என்ன? கட்டில் காத்திருக்கிறது, நாள் கடத்தாமல் சேர்க்க ஆள் இருக்கிறார். ஒருவரை 40 சதவீதம் என்று பார்த்தபின் சுகாதாரப் பணியாளர் "நாளைக்கு வாங்க" என்று சொல்லமாட்டார். சொல்லவும் முடியாது.

அந்தக் கடைசி விஷயத்தை நான் வலியோடுதான் கற்றேன். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் வார்டு முழுக்கத் தானாக மதிப்பெண் போட்டு மணியடிக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். எல்லையை மிகக் கீழே வைத்துவிட்டதால் இரவெல்லாம் மணி. ஒரு வாரத்தில் சத்தத்தை அமர்த்திவிட்டார்கள். ஓர் இரவு ஒருவருடைய எண் 3, 5, 7 என்று ஆறு மணி நேரத்தில் ஏறியது. திரையில் எல்லாம் இருந்தது. யாரும் பார்க்கவில்லை, டூட்டியில் இருந்த நானும் பார்க்கவில்லை. அவர் பிழைத்தார், ஆனால் சிறுநீரகம் போய் டயாலிசிஸில் இருந்தார். அவர் மனைவியிடம் நான் மன்னிப்பு கேட்டேன். ஏஐ பற்றி யார் பேச வந்தாலும் நான் முதலில் கேட்பது, "எத்தனை சதவீதம் சரி" என்பதை அல்ல. "இரவு இரண்டு மணிக்குச் சிவப்பு வந்தால் யார் எழுந்து வருவார், எத்தனை நிமிடத்தில்?" என்பதைத்தான்.

உங்கள் மூன்றாவது கேள்வி, என்ன கேட்க வேண்டும் என்பது. இதையே கேளுங்கள். அப்புறம், "இந்த எண் எதைச் சொல்கிறது? இன்று இறக்கும் ஆபத்தையா, ஐசியு தேவையையா, நோயின் கட்டத்தையா?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்படமாட்டார். இப்போதைய எண்ணைவிட, நாலு மணி நேரத்துக்கு முன் என்னவாக இருந்தது என்பது முக்கியம். 8-லிருந்து 6-க்கு வந்தவரும் 4-லிருந்து 6-க்கு ஏறியவரும் ஒன்றல்ல. எண் குறைவு என்று காட்டி உங்கள் கவலையை ஒதுக்கினால் விடாதீர்கள். பி.பி.க்கு மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு உடம்பு மோசமானாலும் பல்ஸ் அதிகம் ஏறாமல் இருக்கலாம், அதற்கான மதிப்பெண்ணும் ஏறாது. என்னென்ன மாத்திரை என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். கடைசி முடிவு மனிதர் கையில் இருக்க வேண்டும் என்று மருத்துவ ஏஐக்காக ஐ.சி.எம்.ஆர். 2023-ல் வெளியிட்ட நெறிமுறைகளும் சொல்கின்றன. ஆகவே "கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு" என்பது காரணமாகாது. டாக்டர் தன் வாயால் காரணம் சொல்ல வேண்டும்.

இப்போது பலர் ரிப்போர்ட்டை ஃபோனில் ஏஐக்கு அனுப்பி "சீரியஸா?" என்று கேட்கிறார்கள். ரிப்போர்ட்டில் உள்ள சொல்லுக்கு அர்த்தம் தெரிந்துகொள்ள அது உதவும், நானே சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, காலை வரை பொறுக்கலாமா என்பதை அதனிடம் கேட்காதீர்கள். உங்கள் அப்பா பேசும்போது வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குவது அதற்குத் தெரியாது.

ஒன்று மட்டும் எந்த மெஷினாலும் முடியாது, உங்களால் முடியும். சில வருடங்களுக்கு முன் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பாட்டியைச் சேர்த்திருந்தோம். லேசான காய்ச்சல், மதிப்பெண் 2, பச்சை. மகள் வந்து, "டாக்டர், எங்கம்மா என்னைப் பாத்து 'நீ யாரு'ன்னு கேக்குது, நேத்து வரைக்கும் இப்படி இல்ல" என்றார். ரவுண்ட்ஸில் நான் கேட்டதற்குப் பாட்டி "நல்லா இருக்கேன்" என்று தெளிவாகச் சொல்லியிருந்தார், அதனால் நினைவு தெளிவு என்று குறித்திருந்தோம். புதிதாக வந்த குழப்பத்துக்கு நியூஸ் 2-ல் நேராக 3 மதிப்பெண். அந்த ஓர் எண்ணே டாக்டரைக் கூப்பிடப் போதும். 2 என்பது 5 ஆனது. சிறுநீரில் ஆரம்பித்த கிருமி ரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தது, அன்றே மருந்தை மாற்றினோம். பாட்டி ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார். அந்த 3 மதிப்பெண்ணைத் தந்தது மகள்தான். நேற்று அவர் அம்மா எப்படி இருந்தார் என்பது எங்கள் கணினியில் இல்லை.

ஆகவே அடுத்த முறை அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால், அவர் கவனிக்காதபோது பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிக்கொள்வார். 24-ஐத் தாண்டினாலோ, பேச்சு நேற்றுப் போல இல்லை என்று தோன்றினாலோ, 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த எண்ணையும் நேரத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டூட்டி டாக்டர் கையில் கொடுங்கள்.